ஆறு மணிக்கான இலை

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.6.2024

ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். பிரிந்தபோது, எது சொல்வதானாலும் கடிதத்தில்தான் என்று போதகர் ஐயா முன்னால் பேசிக்கொண்டோம். நாலு வருடமாக நீங்கள் அதை மீறவில்லை. அதனால் நானும் போனை எடுக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தபால்காரர் மாரிசெல்வம் உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். செங்கல் அளவு இருக்கும். மேலே எல்லாம் சீன எழுத்து. "டீச்சர், சார் பேருக்கு வந்திருக்கு. வாங்கிக்கிடுதியளா, இல்ல திருப்பி அனுப்பிரட்டுமா?" என்று கேட்டார். எதிர்வீட்டில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் இப்போது இங்கே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன்.

உள்ளே இருப்பது பச்சைத் தேயிலை என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. சீனாவிலிருந்து வரவழைக்கும் அளவுக்கு அப்படி என்ன தேயிலை? எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. முன்பு ஒரு தடவை குடியை மறக்க வைக்கும் பொடி என்று விளம்பரம் பார்த்து வரவழைத்தீர்கள். பிறகு அந்தப் பொடியையும் பிராந்தியில் கலந்து குடித்தீர்கள். இது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தை மில் விலாசத்துக்குப் போடுகிறேன். பார்சலை எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். நேரில் வர வேண்டாம்.

இப்படிக்கு,
பரிபூரணம்


ராஜபாளையம்
6.6.2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

உன் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் செத்த நேரம் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ கெட்ட செய்தி என்றுதான் முதலில் நினைத்தேன்.

பார்சல் அங்கே வந்தது என் கவனக்குறைவுதான். எப்போதும் இந்த அறை விலாசத்துக்குத்தான் வரும். இந்தத் தடவை அந்தக் கடையின் வலைத்தளத்தை மாற்றிவிட்டார்கள். விலாசத்தைப் புதிதாக நிரப்பச் சொன்னது. ஸ்வீட்லின் காலேஜ் படிக்கும்போது என் போனில் பதிந்துவைத்த நம் வீட்டு விலாசத்தை அது தானாகவே போட்டிருக்கிறது. கண்ணாடி இல்லாமல் நானும் சரி என்று அமுக்கிவிட்டேன். உனக்குச் சங்கடம் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. வெறும் தேயிலைதான். சாயங்காலம் குடிக்கிறேன். பாலும் சீனியும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் இப்படி ஒரு பழக்கம். இரண்டு பாக்கெட் இருக்கும். ஒன்றை நீ எடுத்துக்கொள். மற்றதைத் தபாலில் போட்டால் போதும். கீழே விலாசம் எழுதியிருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு நீ போஸ்ட் ஆபீஸ் வரை நடக்க வேண்டாம். மாரிசெல்வத்திடமே கொடுத்துவிடு.

தோள் எப்படி இருக்கிறது? இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.2024

ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பார்சலை இன்னும் அனுப்பவில்லை.

ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று பிரித்தேன். பிரித்ததும் வீடு முழுக்க அப்போதுதான் அறுத்த புல்லின் வாசம். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கல்பனா வந்திருந்தாள். இரண்டு பேருமாகப் பாலைக் கொதிக்கவைத்து, அந்த இலையை அள்ளிப் போட்டு, சீனியும் போட்டுக் குடித்தோம். கீரை வேகவைத்த தண்ணீரில் பால் ஊற்றினது போல இருந்தது. "டீச்சர், இதையா ஒரு மனுசன் கடல் தாண்டி வரவழைக்காவ?" என்று கல்பனா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அது வேறு விஷயம்.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. தமிழில் அச்சடித்தது. மெஷின் மொழிபெயர்த்த தமிழ் என்று பார்த்தாலே தெரிகிறது. அப்படியே எழுதுகிறேன்:

"மரியாதைக்குரிய ராஜரத்தினம் நண்பர். இந்த இலை வசந்த மழைக்கு முன்பாகப் பறிக்கப்பட்டது. என் மாமியார் கையால் வறுத்தார். உங்கள் ஆறு மணி பாதுகாப்பாக உட்காரட்டும். நீங்கள் மது இல்லாத நாட்கள் எண்ணூறு ஆகிவிட்டன. எங்கள் குடும்பம் முழுவதும் உங்களுக்காகக் கைதட்டுகிறது. லின்."

இதை நாலைந்து தடவை படித்தேன். எண்ணூறு நாள் என்றால் இரண்டு வருடத்துக்கும் மேலே. இது உண்மையா? உண்மையென்றால் சீனாவில் இருக்கும் யாரோ ஒருவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? பொய்யென்றால், அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்களிடமும் எதற்காகப் பொய்?

பதில் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

பரிபூரணம்


ராஜபாளையம்
20.6.2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

உண்மைதான். 2022 மார்ச் ஆறாம் தேதியிலிருந்து குடிக்கவில்லை.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் கை நடுக்கத்தில் ஷேவ் பண்ண முடியாமல் வேல்பாண்டி சலூனுக்குப் போனேன். கத்தியை வைத்துக்கொண்டு அவன், "அண்ணாச்சி, மொகத்த ஆட்டாதிய" என்றான். நான் ஆட்டவில்லை என்றேன். கண்ணாடியில் பார்த்தால் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. பயந்துபோய் அவன் பாதி ஷேவிங்கோடு அனுப்பிவிட்டான். அந்தப் பாதி முகத்தோடே மில் எலெக்ட்ரீஷியன் ஹரிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனேன். அவனும் ஒரு காலத்தில் என்னைப் போலத்தான். வியாழக்கிழமை தோறும் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு அவன்தான் கூட்டிப்போனான்.

பகலெல்லாம் எப்படியோ போய்விடும். ஸ்பின்னிங் மெஷின் சத்தத்தில் எதையும் நினைக்க நேரம் இருக்காது. ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து, குளித்து, இருட்டத் தொடங்கும் ஆறு மணிதான் ஆகாது. உடம்பே கடிகாரமாகிவிடும். நம் டீ குடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தை என்ன செய்வது?

மில்லுக்குப் புது மெஷின் வாங்கியபோது ஹரிகிருஷ்ணனைப் பயிற்சிக்குச் சீனாவுக்கு அனுப்பினார்கள். அவன் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்தான். அதைப் போடும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தான். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி ஆறவைக்க வேண்டும். டம்ளருக்கு மேல் உள்ளங்கையைக் காட்டினால் சூடு பொறுக்க வேண்டும், அதுதான் பதம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசந்துவிடும். கண்ணாடி டம்ளரில் இலை முதலில் மிதக்கும், பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து நிற்கும், பிறகு அடியில் போய் உட்காரும். குடித்து முடித்ததும் அதே இலையில் மறுபடி ஊற்றலாம். மூன்றாவது டம்ளர் முடியும்போது மணி ஏழாகியிருக்கும். பரிபூரணம், எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான்.

பொட்டலம் தீர்ந்ததும் கடைகளில் தேடினேன். நூல் கட்டின பை கிடைத்தது. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்புறம்தான் போனில் தேடி லின்னைக் கண்டுபிடித்தேன். ஹாங்சோ பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். முதல் பார்சல் ஒழுங்காக வந்தது. இரண்டாவது, சென்னை வந்து சேர்ந்ததாகக் காட்டி, சுங்கச் சோதனையில் மூன்று வாரம் அசையவே இல்லை. டப்பாவில் தூள் மட்டும்தான் மிச்சம். ஒரு சாயங்காலம் என் கால் என்னைக் கேட்காமல் பிராந்திக் கடை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பணத்தை எடுக்கச் சட்டைப்பையில் கை வைத்துவிட்டேன். அங்கே நின்றபடியே போனை எடுத்து, மொழிபெயர்க்கிற செயலியில் தமிழில் தட்டி, லின்னுக்கு அனுப்பினேன்: 'நான் குடித்துக் கெட்டவன். ஆறு மணிக்கு உங்கள் இலை எனக்கு வேண்டும். அது எங்கே?'

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'அறைக்குத் திரும்பிப் போங்கள். பழைய இலையில் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். நிறம் வராவிட்டாலும் உட்காருங்கள். உட்கார்ந்ததும் எனக்குச் சொல்லுங்கள்.' அவருடைய மாமனாரும் குடித்தவராம். நடந்தேன். உட்கார்ந்தேன். சொன்னேன். மறுநாள் ஆறு மணிக்கும் கேட்டார். பார்சல் வரும்வரை ஒவ்வொரு நாளும் தன் டம்ளரைப் படமெடுத்து அனுப்பினார். அங்கே அப்போது எட்டரை மணி. பிள்ளைகளைப் படுக்கப் போடும் நேரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதிலும் எனக்காக ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். அந்தத் தாய்க்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? உனக்கு நான் ஏழு தடவை சத்தியம் பண்ணியிருக்கிறேன். அதில் இரண்டு வேதாகமத்தின் மேல் கை வைத்து. இதையும் சொன்னால் எட்டாவதாகிவிடும். அதனால் சொல்லவில்லை.

அன்புடன்,
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.8.2024

ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். தேயிலையை ஜூன் மாதமே அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில் ஒருநாள் ராஜபாளையம் வந்தேன். உங்கள் கடிதத்தை நம்பத்தான் மனசு சொன்னது. ஆனால் இருபத்தாறு வருடம் நம்பி ஏமாந்து பழகின மனசு என்பதால் அதையும் நம்ப முடியவில்லை. நீங்கள் மில்லில் இருக்கும் நேரம் பார்த்து, உங்கள் அறைக்குக் கீழே இட்லிக் கடை வைத்திருக்கும் சண்முகத்தாயிடம் போய் நின்றேன். யார் என்று சொல்லவில்லை. மாடி அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். மேலே இருக்கிறவர் எப்படிப்பட்டவர் என்றும் கேட்டேன்.

"அவியளா? அவியளால ஒரு தொந்தரவும் இல்ல தாயி. சாயங்காலம் ஆனா டம்ளர வச்சிக்கிட்டு மொட்டமாடியில உக்காந்துருவாவ. எம்புட்டு கூப்பிட்டாலும் ஏழு மணி வரைக்கும் திரும்ப மாட்டாவ. பொறவு எறங்கி வந்து நாலு இட்லி சாப்பிட்டுட்டு, எம் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பாவ" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்க டீச்சரம்மாதான?" என்றாள். உங்கள் அறையில் என் படம் இருக்கிறதாமே.

திரும்பி வரும் பஸ்ஸில் கிருபைக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கோபம் வந்தது. பட்டினி கிடந்து ஜெபம் பண்ணினேன். அழுதேன், கெஞ்சினேன், பாட்டிலை ஒளித்துவைத்தேன். முகம் தெரியாத ஒருத்தி மெஷின் தமிழில் உட்காருங்கள் என்று சொன்னதும் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் சொன்ன எதில் குறை இருந்தது? இதற்குப் பதில் கிடைக்காமல்தான் இரண்டு மாதம் எழுதவில்லை.

இன்னொன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்வீட்லின் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். நீங்கள் வரவில்லை. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

பரிபூரணம்


ராஜபாளையம்
1.9.2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

நீ சந்தேகப்பட்டு வந்து விசாரித்தது சரிதான். நான் உன் இடத்தில் இருந்தால் மொட்டைமாடிக்கே ஏறிப் பார்த்திருப்பேன்.

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில். கல்யாணத்தன்று காலையில் நல்ல சட்டை போட்டு, பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவிலில் இறங்கினேன். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் நான் ஸ்கூட்டரைக் கவிழ்த்த இடம் உனக்குத் தெரியுமே, அதே வளைவு. நீ ரோட்டில் கிடந்து கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திட்டாமல், 'உங்களுக்கு அடிபட்டிருக்கா?' என்று கேட்ட இடம். அங்கே மதியம்வரை நின்றேன். கல்யாணம் நடக்கும் சர்ச்சில் மணி அடிக்கும் நேரம் கணக்குப் பண்ணி, அவள் உள்ளே நடந்துபோவதை நினைத்துக்கொண்டேன். பிறகு போய்க் குடித்தேன். விழுந்து கிடந்தேன். இதை அழகாகச் சொல்ல வழியில்லை.

உன்னிடம் குறை ஒன்றும் இல்லை. நீ வீட்டில் இருந்தவரைக்கும், விழுந்தால் நீ தூக்குவாய் என்று இருந்தேன். வாந்தியைத் துடைப்பாய், மில்லுக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் என்று சொல்வாய். லின்னால் என்னைத் தூக்க முடியாது. உட்காருங்கள் என்று சொல்ல மட்டும்தான் முடியும். உட்கார வேண்டியது நான்தான். அவ்வளவுதான் வித்தியாசம். நீ குறைவாகச் செய்யவில்லை பரிபூரணம், என் பங்கையும் சேர்த்து நீயே செய்துகொண்டிருந்தாய்.

என்னை வெளியே போகச் சொன்ன அன்றைக்கு உன்மேல் வெறுப்பாக இருந்தது. இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் அதற்கும் சேர்த்துத்தான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.10.2024

ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். முடியாது என்றாலும் வருத்தமில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு தோளுக்குக் கீழே எலும்பில் வைத்த பிளேட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. ஒரு மாதமாகப் போர்டில் எழுத முடியவில்லை. இடது கையால் எழுதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிளேட்டை எடுத்துவிடலாம் என்று மதுரையில் டாக்டர் சொல்கிறார். தள்ளிப்போட எனக்கும் மனமில்லை. ஸ்வீட்லினுக்கு டிசம்பர் கடைசியில் பிரசவத் தேதி. ஆமாம், உங்களுக்கு நான் இதுவரை சொல்லவில்லை. நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள். பிள்ளையை நான் இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாவது இருக்க வேண்டுமாம். கூட ஓர் ஆள் வேண்டும். ஸ்வீட்லினால் இப்போது கோயம்புத்தூரிலிருந்து வர முடியாது. என் தங்கை தேவகிருபைக்கு நடக்கவே முடியவில்லை. கல்பனா நான் வருகிறேன் என்றாள். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் கணவர் பெயர் கேட்கிறார்கள். என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு உங்கள் பெயரையே எழுதினேன்.

வருவீர்களா? இருபத்தோராம் தேதி சேர்க்கிறார்கள்.

பரிபூரணம்


ராஜபாளையம்
12.10.2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

வாரேன். பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி சாயங்காலமே மதுரை போய் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்கிக்கொள்கிறேன். நீ கல்பனாவோடு வந்து சேர். பழைய எக்ஸ்ரே எல்லாம் பீரோவின் மேல்தட்டில், மஞ்சள் பையில் இருந்தது. கையை உயர்த்தி எடுக்காதே, கல்பனாவை எடுக்கச் சொல்.

தாத்தா என்ற வார்த்தையை வேல்பாண்டி முதல் சண்முகத்தாய்வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ராஜரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.11.2024

ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

ஆபரேஷனுக்குப் பிறகு வலது கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆஸ்பத்திரியில் நேரில் சொல்லியிருக்கலாம். நாலு வருடம் எழுதியே பழகிவிட்டதால் எழுதினால்தான் எனக்குச் சரியாக வருகிறது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் சாயங்காலம். நான் தூங்குகிறேன் என்று நினைத்தீர்கள். தூங்கவில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டூலை விட்டு எழுந்தீர்கள், கடிகாரத்தைப் பார்த்தீர்கள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர் ரோட்டில் பிராந்திக் கடை இருப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். நர்ஸ் வந்து, "உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றாள். வந்துவிடுவார் என்றேன். நம்பித்தான் சொன்னேனா, வெட்கத்தில் சொன்னேனா, எனக்கே தெரியாது. இருபது நிமிஷம் கழித்து கேன்டீனிலிருந்து பிளாஸ்க்கில் சுடுதண்ணீரோடு வந்தீர்கள். வரிசை நீளம் என்று நர்ஸிடம் முணுமுணுத்தீர்கள். நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

அந்தத் தேயிலையையும் அங்கேதான் சரியாகக் குடித்தேன். முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கின பிறகு நாக்கில் ஒரு இனிப்பு நின்றது. லின்னுக்கு நானே ஒரு வரி அனுப்பக் கேட்டேன் அல்லவா? நீங்கள் போனைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். 'என் கணவரை உட்காரவைத்ததற்கு நன்றி' என்று எழுதினேன். அவர் என்ன பதில் போட்டார் என்று நீங்கள் கேட்கவில்லை. 'அவர் உங்களைப் பற்றியே எப்போதும் பேசுவார்' என்று போட்டிருந்தார்.

நாலாம் நாள் எனக்குச் சடை போட்டுவிட்டீர்கள். மூன்று கால் பின்னத் தெரியாமல் கயிறு திரிப்பது போலத் திரித்து, அதை நர்ஸ் பார்த்துச் சிரித்து, அவளே அவிழ்த்து உங்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். அடுத்த நாள் நன்றாகவே போட்டீர்கள். ஒன்பது நாளில் ஒரு தடவைகூட, வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விட அதற்குத்தான் நன்றி. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். ஒரே கூரையின் கீழ் இருக்க எனக்கு இன்னும் பயம்தான். அது போகலாம், போகாமலும் இருக்கலாம். உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஸ்வீட்லினிடம் போனில் எல்லாம் சொன்னேன். "அப்பா எனக்கு ஒருநாளும் சடை போட்டதில்லையேம்மா" என்றாள். கோபத்தில் சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வராதே என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உங்களுடையது இந்தக் கவரில் இருக்கிறது. பஸ் உங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது, நான் இங்கே ஏறிக்கொள்வேன். ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுவையுங்கள்.

உங்கள்,
பரிபூரணம்